செவலை உயிரோடு இருக்க வேண்டும்

நூற்பாலையில் தீப்பிடித்தால் எந்த இடத்தில் பிடிக்கும், உள்ளே இருப்பவர்கள் எந்த வழியாக வெளியே ஓடுவார்கள் என்று பார்த்துச் சொல்வது என் தொழில். அட்டையில் ஆலோசகர் என்று போட்டிருக்கும். நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம், காரைக்குடியை அடுத்த மானகிரிப் பக்கம் இருந்த ஓர் ஆலைக்கு இரண்டு வார வேலையாக என்னை வரவழைத்தார்கள்.

எந்த ஊருக்குப் போனாலும் இரண்டு பழக்கங்களை நான் விடுவதில்லை. விடிந்ததும் தனியாக நடக்கப் போவேன். சாயங்காலம் எங்காவது பாட்டோ மேளமோ கேட்டால் போய் உட்கார்ந்துவிடுவேன். நாள் முழுக்க இயந்திர இரைச்சலுக்குள் நிற்கிறவளுக்குக் காதைக் கழுவிக்கொள்ள வேறு வழியில்லை. அந்தத் தடவை இந்த இரண்டு பழக்கமும் ஒன்றுசேர்ந்து என்னை மாட்டிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தேன். திங்கட்கிழமை காலை ஆலை விருந்தினர் அறையிலிருந்து கிளம்பி, பின்பக்கத்துக் கண்மாய்க் கரையில் ஏறினேன். தண்ணீர் பாதிக்கு வற்றியிருந்தது. நடுவில் கருவேல மரங்கள் முழங்கால் தண்ணீரில் நிற்க, அவற்றின் மேல் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் பூங்காவுக்குள் நடப்பதற்குக்கூட அம்புக்குறி போட்ட பலகை உண்டு. இங்கே மாட்டுக் குளம்பு பதிந்த தடம்தான் பாதை.

கரை முடிகிற இடத்தில் நாதஸ்வரம் கேட்டது. கீழே, தனியாக நின்ற ஓட்டு வீட்டிலிருந்து யாரோ சாதகம் செய்துகொண்டிருந்தார்கள். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலே ஏறினார் அந்த ஆள். ஒலிபெருக்கி வழியாக அல்லாமல் அந்த வாத்தியத்தை நான் கேட்பது அதுதான் முதல் தடவை. இறங்கிப் போய் வேலி ஓரமாகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

நாய் குரைக்கவே இல்லை. இடது கெண்டைக்காலில் பலமாக ஏதோ இடித்தது போலிருந்தது. குனிந்து பார்த்தால் செந்நிற நாய் ஒன்று என் காலைவிட்டு விலகிக் கருவேல மரங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சேலை ரத்தத்தில் நனைந்தது. நாதஸ்வரம் நிற்கவில்லை. நான் கத்தவும் இல்லை.

ஆலை வாசலில் ஓட்டுநர் சவரிமுத்து என்னைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டார். தேவகோட்டைக்காரர், ஐம்பது வயதிருக்கும்.

“என்ன மேடம், நாயா? நல்லாப் பாத்தீகளா? நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு ஓடுச்சா? வாயில நொரை கிரை இருந்துச்சா?”

“கவனிக்கலை.”

“வளத்த நாயா, தெரு நாயா?”

“தெரியலை.”

அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அப்போதுதான் குனிந்து காலை மறுபடி பார்த்தேன். எங்கள் ஊரில் நாய் கடித்தால் புண் ஆறும், அவ்வளவுதான். வெறிநாய்க் கடி என்பது நான் பள்ளிப் பாடப்புத்தகத்தில் படித்த ஒன்று.

காரைக்குடியில் அவர் அழைத்துப் போன டாக்டரம்மா, என் காலைக் குழாயடியில் நீட்டச் சொல்லி, சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வைத்தார். பிறகு ஒளிவுமறைவில்லாமல் பேசினார்.

“நோய் வந்துட்டா மருந்து கிடையாது. வராம தடுக்க மருந்து உண்டு. இன்னிக்கே ஊசியை ஆரம்பிக்கணும். அதோட அந்த நாயைக் கட்டி வச்சுப் பாக்கணும். அதுக்கு நோய் இருந்தா பத்து நாளுக்குள்ள செத்துடும். பத்து நாள் கழிச்சும் உயிரோட இருந்தா நீங்க நிம்மதியா ஊருக்குப் போகலாம். அடிச்சுக் கொன்னுட்டாங்கன்னா ஒண்ணும் தெரியாமப் போயிடும்.”

வயிற்றைச் சுற்றிப் போடும் ஊசிதான் உடனே கிடைக்கும். கையில் போடும் புது வகை மருந்துக்கு மதுரை போக வேண்டும். ஆலையின் காரை முதலாளியே ஓட்டிக்கொண்டு திருச்சி போயிருந்தார். சவரிமுத்துவும் நானும் பேருந்தில் கிளம்பினோம்.

மதுரை மருந்துக் கடையில் மூன்று குப்பிகள்தான் இருந்தன. ஒன்றை அங்கேயே ஒரு கிளினிக்கில் போட்டுக்கொண்டேன். மற்ற இரண்டையும் ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்கில் வைத்துக் கொடுத்து, “சூடு பட்டா வெறும் தண்ணிதாம்மா” என்றார் கடைக்காரர்.

திரும்பும்போது திருப்பத்தூருக்கு முன்னால் பேருந்து நின்றுவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. புளியமர நிழலில் பிளாஸ்க்கை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்டினால் ஐஸ் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஆட்டினால் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. சவரிமுத்து ரோட்டில் நடக்க ஆரம்பித்தார். ஒரு சர்பத் கடையிலிருந்து துண்டில் கட்டிய ஐஸ் கட்டியோடு அவர் ஓடி வந்தபோது சட்டையின் முன்பக்கமெல்லாம் நனைந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஐஸை உடைத்துக் கொடுத்துவிட்டு விவரம் கேட்டாள். சொன்னதும், தன் பிள்ளையைத் தூக்கி அடுத்த பக்கம் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அந்த ஓட்டு வீட்டுக்குப் போனபோது எங்களுக்கு முன்னாலேயே நாலைந்து பேர் கம்போடு நின்றார்கள். ஆலை மேடத்தைக் கடித்த நாயைக் கொன்று எனக்கு மரியாதை செய்ய வந்தவர்கள். முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். நாதஸ்வரக்காரன் அவன்தான், பெயர் முருகானந்தம். அவன் காலுக்குப் பின்னால் செந்நிற நாய் பதுங்கியிருந்தது.

“அடிக்காதீங்க! அது செத்தா நான் என்ன ஆவேன்னே தெரியாது!” என்று நான் போட்ட சத்தத்தில் கண்மாய்க் கொக்குகள் கிளம்பின.

டாக்டர் சொன்னதைச் சவரிமுத்து எல்லாருக்கும் விளக்கினார். கம்புகள் இறங்கின. முருகானந்தம் கையெடுத்துக் கும்பிட்டான். “மன்னிச்சிருங்கம்மா. செவலை எங்க நாயின்னு சொல்ல முடியாது, சோத்துக்கு வரும், போகும். ஆனா இனி நான் கட்டிப் போட்டுப் பாத்துக்கிறேன். பத்து நாளைக்கு என் பொறுப்பு.” அவன் இடது மணிக்கட்டில் துண்டைச் சுற்றியிருந்தான். அவன் மனைவி செல்வி நீல நைலான் கயிறு கொண்டுவந்தாள்.

அதன் பிறகு என் காலை நடை ஒரே இடத்துக்குத்தான். கரையில் ஏறும்போதே நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும். முன்பெல்லாம் பறவையைப் பார்ப்பேன். இப்போது கரை இறக்கத்தில் நின்று முதலில் வேப்பமரத்தடியைப் பார்ப்பேன். நாய் படுத்திருந்தால், வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். அது தலையைத் தூக்கினால்தான் எனக்கு மூச்சு வரும். செல்வி கஞ்சி ஊற்றுவாள். அது நக்குகிற சத்தத்தை நான் கேட்டது போல எந்தக் கச்சேரியையும் கேட்டதில்லை. உள்ளே முருகானந்தம் வாசித்துக்கொண்டிருப்பான். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை பக்கத்துச் சிவன் கோயில் திருவிழாவில் முதல் தடவையாக அவனுக்குத் தனி வாசிப்புக் கொடுத்திருந்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பேர்போன ஊரில் எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. காலையில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும், மத்தியானம் கோழிக் குழம்பு. சவரிமுத்து தட்டைப் பார்த்ததும் பதறினார். “கோழி ஆகாது மேடம், பத்தியம். கருவாடும் ஆகாது.” டாக்டரம்மா எதுவும் சாப்பிடலாம் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனாலும் கோழியை ஒதுக்கினேன். பரிமாறிய அம்மாள் தன் பங்குக்கு மெதுவாகச் சொன்னாள்: “நாயி கடிச்சவுக தண்ணிக்குள்ள பாத்தா நாயி மொகந்தான் தெரியுமாம். நீங்க பாத்துறாதீக.”

அன்றிலிருந்து டம்ளரைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். படித்தவள், பொறியாளர், இப்படிச் செய்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஒவ்வொரு மிடறும் தொண்டையில் இறங்குவதைக் கவனித்தேன். கவனிக்கக் கவனிக்கத் தொண்டை இறுகுவது போலிருந்தது. எஸ்.டி.டி. கடையிலிருந்து என் கணவரைக் கூப்பிட்டேன். “சாப்பாடு எப்படி?” என்றார். “பிரமாதம்” என்றேன். அவ்வளவு தூரத்திலிருந்து அவரால் செய்ய முடிந்தது என்ன இருக்கிறது?

வேலையும் நடந்தது. பஞ்சைப் பிரிக்கும் அறையின் பின்கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். திருட்டுப் போகிறது என்றார் மேலாளர். தீப்பொறி விழுந்தால் பஞ்சுத்தூசி எத்தனை வேகத்தில் எரியும் என்று பல ஆலைகளில் நிதானமாகச் சொல்லிப் பழகியவள்தான். அன்று அந்த நிதானம் வரவில்லை. “உள்ள மாட்டிக்கிட்டவங்களுக்கு என்ன நடக்கும்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க” என்றேன். இத்தனை வருடம் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது எனக்கே பயம் வந்தது அன்றுதான். மேலாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்து வரச் சொன்னார்.

வியாழக்கிழமை இரண்டாவது ஊசி போட்டார்கள். மூன்றாவது அடுத்த திங்கட்கிழமை. அதற்கான குப்பி டாக்டரம்மாவின் குளிர்பெட்டியில் பத்திரமாக இருந்தது.

சனிக்கிழமை காலை நாயைப் பார்த்துவிட்டுக் கரையில் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, “அம்மா, செத்த நில்லுங்கம்மா” என்று குரல். செல்வி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“அவுகளையும் கடிச்சிருச்சும்மா.”

“யாரை?”

“எங்க வீட்டுக்காரகள. உங்களக் கடிச்சதுக்கு மொத நாள். கோழிய விரட்டுச்சுன்னு புடிச்சு இழுத்தாக, கையிலயே கவ்விருச்சு. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எம்மேல சத்தியம் வாங்கிட்டாக. நேத்துலருந்து சரியாத் தண்ணி குடிக்க மாட்டேங்குறாகம்மா.” அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

திரும்பிப் போனேன். முருகானந்தம் செல்வியைப் பார்த்த பார்வையிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது தெரிந்தது. மணிக்கட்டுத் துண்டை அவிழ்க்கச் சொன்னேன். மஞ்சள் பற்றுக்கு அடியில் பல் பதிந்த தடங்கள் கறுத்திருந்தன.

“ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகலை?”

“போனா வயித்தச் சுத்தி ஊசி போடுவாகம்மா. எங்க மாமாவுக்குப் போட்டு வயிறு கல்லு மாதிரி வீங்கிக் கெடந்ததப் பாத்தவன் நான். நாயனத்துக்கு வயித்துலருந்துல்ல மூச்சு வரணும். செவ்வாக்கெழம வாசிக்கணுமே, எப்படி வாசிப்பேன்? வெளிய தெரிஞ்சாலும் போச்சு. வெறி ஏறி மேளக்காரனக் கடிச்சுப்புடுவான்னு பக்கத்துல ஒருத்தனும் நிக்க மாட்டான்.” சிரிக்கப் பார்த்தான். “திருவிழா முடிஞ்சதும் போயிரலாம்னுதான் இருந்தேன்.”

“தண்ணி குடிக்கிறதில்லையா?”

அவன் தரையைப் பார்த்தான். “குடிச்சா எறங்குமோ எறங்காதோன்னு பயமாருக்கும்மா. அதான் குடிச்சுப் பாக்கவே பயந்துக்கிட்டு இருக்கேன்.”

யாரிடமும் சொல்லாமல் நான் ஒவ்வொரு வேளையும் பட்ட அவஸ்தையை அப்படியே அவன் வாயிலிருந்து கேட்டேன்.

காரில் அழைத்துக்கொண்டு போனோம். டாக்டரம்மா அவனை நன்றாகத் திட்டினார். பிறகு மதுரைக்குப் போன் போட்டார். கையில் போடும் மருந்து இன்னும் வரவில்லை, எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது என்றது கடை. டாக்டரம்மா ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். குளிர்பெட்டியில் ஒரே ஒரு குப்பி. திங்கட்கிழமைக்கு எனக்கானது.

“உங்களுக்கு ரெண்டு போயிருக்கு, இவருக்கு ஒண்ணுகூட இல்ல. உங்களுது ரெண்டு மூணு நாள் தள்ளிப் போனா பெரிய கெடுதல் இல்ல. ஆனா அது உங்க மருந்து. நான் எடுத்துக் கொடுக்க முடியாது.”

நாய் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. மறுபடி முயன்றேன். “போடுங்க.”

முருகானந்தம், “வேண்டாம்மா, நீங்க பாவம்” என்று எழுந்தான். சவரிமுத்து அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

ஞாயிறு முழுக்க மதுரைக் கடைக்கு மூன்று தடவை போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை காலை கரை இறக்கத்தில் நின்று பார்த்தேன். வேப்பமரத்தடியில் நாய் இல்லை. மரத்தில் கட்டிய கயிறு மட்டும் பாதியில் அறுந்து கிடந்தது. கடித்து அறுத்த நுனி ஈரமாக இருந்தது. கஞ்சிச் சட்டி அப்படியே இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே அது கஞ்சியைத் தொடவில்லையாம். செல்வி சொல்லச் சொல்ல என் காதுக்குள் ஏதோ இரைந்தது. சாப்பாடு எடுக்காமல் கட்டை அறுத்துக்கொண்டு ஓடுவது எதற்கான அறிகுறி என்று அங்கே யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முருகானந்தமும் நானும் கண்மாயைச் சுற்றித் தேடினோம். கருவேல முள் கிழித்தது. புதருக்குள் ஏதாவது அசைந்தால் அதுவாக இருக்க வேண்டும் என்றும், அதுவாக இருக்கக்கூடாது என்றும் நினைத்தேன். அவன் முன்னால் நடந்தான். “அங்குட்டு வராதீகம்மா, நான் பாக்குறேன்” என்றான். ஆனால் அவன் குரலும் உள்ளே போயிருந்தது. சவரிமுத்து ஆலை சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கேட்டார். யாரும் பார்க்கவில்லை. அன்றைக்குப் போட வேண்டிய ஊசியும் இல்லை.

செவ்வாய்க்கிழமை நான் கோயிலுக்குப் போவதாக இல்லை. செல்வி ஆலை வாசலுக்கே வந்து நின்றாள். “நீங்க இருந்தாத்தான் அவுகளுக்குத் தெம்பு” என்றாள். எனக்கே தெம்பு இல்லை என்று எப்படிச் சொல்வது?

பொழுது சாயும் நேரம். வெளிப் பிரகாரத்தில் வெள்ளை வேட்டியும் மூக்குத்திகளுமாகக் கூட்டம். தங்கள் ஊர்ப் பெரிய வீடுகளுக்குத் திருவிழாவுக்காக மெட்ராஸிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். முருகானந்தம் பட்டுத்துண்டைக் கட்டிக்கொண்டு வந்தான். மணிக்கட்டில் அதே நிறத்தில் ஒரு துணி. சவரிமுத்துவிடம், “என்ன ராகம்?” என்று கேட்டேன். “எனக்குக் கோயில் பாட்டுத்தான் தெரியும் மேடம், அதுவும் மாதா கோயில்” என்றார்.

முதல் நாள் காலை வேலியோரம் கேட்ட அதே வரி, இப்போது ஆயிரம் பேர் நடுவே நடந்து போனது. கோபுரத்தில் புறாக்கள் அடங்கவில்லை. அவன் மெல்ல மெல்ல ஏறி, உச்சியில் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தினான். நான் கடிபட்ட காலை மறந்தேன், நாயை மறந்தேன்.

அப்போது சுரம் உடைந்தது.

அவன் வாத்தியத்தை இறக்கிவிட்டு இருமினான். தொண்டையைப் பிடித்துக்கொண்டான். தவில்காரர் சமாளித்து வாசித்துக்கொண்டே, தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் தள்ளினார். முருகானந்தம் அதை எடுத்தான். குடிக்கவில்லை. செம்புக்குள் பார்த்துக்கொண்டே இருந்தான். கூட்டத்துக்கு அது ஓய்வு. செல்வியின் நகங்கள் என் கையில் இறங்கின. அவன் செம்பைத் தூக்கினான். தண்ணீர் மோவாயில் வழிந்து மார்பை நனைத்தது. திரும்பவும் இருமல். செல்வி, “ஆத்தா” என்றாள். நானும் கையைக் கூப்பியிருந்தேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தூக்கினான். தொண்டை ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. செம்பு காலியாகும் வரை நிறுத்தவில்லை. பிறகு எங்கள் பக்கம் பார்த்தான். சீவாளியை உதட்டில் வைத்தான். தவில்காரர் அவன் விட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துகொண்டார்.

வாசித்து முடித்து வந்தவன், “தொண்டைல ஒண்ணுமில்லம்மா. பயந்தான் அங்கன வந்து ஒக்காந்திருந்துச்சு” என்றான். ஆனால் தண்ணீர் இறங்கிவிட்டதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது, அது வர மாதக்கணக்கில்கூட ஆகலாம் என்று டாக்டரம்மா என்னிடம் சொல்லியிருந்தார். அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை மருந்து வந்தது. இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து போட்டுக்கொண்டோம்.

மறுநாள், பத்தாவது நாள், மத்தியானம். நான் ஆலை அலுவலகத்தில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது சவரிமுத்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தார்.

“மேடம், கல்லல் ஸ்டேஷன்ல ஒரு செவல நாயி திரியுதாம். கழுத்துல நீலக் கயிறாம். என் மச்சான் அங்க பாயிண்ட்ஸ்மேனு, அவன் போன் போட்டுச் சொன்னான். கெளம்புங்க!”

போகிற வழியில் முருகானந்தத்தை ஏற்றிக்கொண்டோம். அங்கே போவதற்குள் யாராவது கல்லால் அடித்திருப்பார்களோ, ரயிலில் விழுந்திருக்குமோ, போய்ப் பார்த்தால் வேறு நாயாக இருக்குமோ என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நடைமேடையில் பாசஞ்சர் வண்டி அப்போதுதான் கிளம்பியிருந்தது. கடைசியில், தண்ணீர்க் குழாய்ப் பக்கம், வடை விற்கிறவரின் கூடைக்கு முன்னால் அது உட்கார்ந்திருந்தது. கழுத்தில் நீலக் கயிறு முழ நீளத்துக்குத் தொங்கியது.

“செவல!” என்றான் முருகானந்தம்.

அது திரும்பிப் பார்த்து வாலை ஆட்டியது. எழுந்து வரவில்லை. “மூணு நாளா இங்கதான் கெடக்கு, ஏவாரத்தக் கெடுக்குது” என்று வடைக்காரர் அலுத்துக்கொண்டார். “ஒரு நாளைக்கு எத்தன வடை திங்குதுங்குறீக!”

ஒன்று கொடுக்கச் சொன்னேன். ஒரே வாயில் விழுங்கியது. இன்னொன்று. அதுவும் போயிற்று. பிறகு எழுந்து சோம்பல் முறித்து, குழாயடிப் பள்ளத்துக்குப் போய்த் தலையைத் தாழ்த்தி, சளப் சளப்பென்று நக்கிக் குடிக்க ஆரம்பித்தது. அது குடித்து முடிக்கும் வரை நாங்கள் மூவரும் அசையவில்லை.

முருகானந்தம் சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. நான் வடைக்காரரின் கூடைப் பக்கம் போனேன். பத்து நாளாகச் செத்துக் கிடந்த பசி எங்கிருந்தோ வந்திருந்தது.